கேலித் தட்டு

1880களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் நடத்திய பத்திரிகை எதையாவது எடுத்து, அதில் நகைச்சுவை என்று அச்சாகியிருப்பதை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். பத்துத் துணுக்குக்கு ஒன்றில் உதட்டோரம் லேசாக அசையும். மற்ற ஒன்பதிலும் பேராசிரியர் ஏதோ கேட்கிறார், மாணவன் ஏதோ சொல்கிறான், முடிந்துவிடுகிறது. எங்கே சிரிக்க வேண்டும் என்று திரும்பப் போய்த் தேட வேண்டியிருக்கிறது. காலம் மாறிவிட்டது, நகைச்சுவை ஊசிப்போய்விட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பலரும் அப்படித்தான் நகர்கிறார்கள். ஆனால் அந்த விளக்கம் ஒட்ட மாட்டேன் என்கிறது. அதே இதழின் இன்னொரு மூலையில் சாப்பாட்டு விடுதி வெண்ணெயைப் பற்றி நாலு வரிப் புலம்பல் இருக்கும். அதற்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பெயரை மாற்றினால் நம்மூர் ஹாஸ்டல் சாம்பாருக்கு அப்படியே பொருந்தும். ஆக, ஊசிப்போகாத நகைச்சுவையும் அந்தப் பையன்களிடம் இருந்திருக்கிறது. பிறகு ஏன், நகைச்சுவை என்றே பெயர் சூட்டிக்கொண்டு வந்தது மட்டும் இப்படிச் சப்பென்று கிடக்கிறது?

இதற்கு விடையை அந்த மாணவர்களின் ரசனையில் தேடிப் பயனில்லை. அச்சகத்தின் மேசையிலும் தபால் பையிலும் தேட வேண்டும்.

இதழின் உடம்பை முதலில் பார்த்துவிடலாம். மாதம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ, 12 முதல் 20 பக்கம், பக்கத்துக்கு இரண்டு பத்தி. முன்னால் ஒரு கவிதை, மில்டனைப் பற்றியோ லட்சியத்தைப் பற்றியோ ஒரு நீண்ட கட்டுரை, தலையங்கம். பின்பாதியில் உள்ளூர்ச் செய்திப் பத்தி, பழைய மாணவர் செய்தி, பிற கல்லூரிப் பத்திரிகைகளைப் பற்றிய பத்தி. கடைசியில் விளம்பரம்: தையல்காரர், தொப்பிக்கடை, சிப்பி உணவுக்கடை, வாடகைக் குதிரை லாயம், ஜோசப் கில்லட்டின் எஃகுப் பேனா முனை. அந்தப் பேனா முனை விளம்பரத்தில் 303, 404, 170, 351 என்ற எண்கள் இதழ் தவறாமல் வரும்; அந்தக் காலப் பத்திரிகைகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். முன்பாதியை அன்றைக்கே எத்தனை பேர் படித்தார்களோ, சந்தேகம்தான். மில்டன் கட்டுரையை எழுதியவனும் அவனுடைய அம்மாவும் படித்திருப்பார்கள்.

இந்தப் பத்திரிகைகளுக்கு ஒரு பாட்டி உண்டு. அச்சு இதழ் வருவதற்கு முன்பே கல்லூரி இலக்கியச் சங்கங்களில் கையால் எழுதிய பத்திரிகை ஒன்றைக் கூட்டத்தில் உரக்கப் படிப்பார்கள். கேட்பவர்கள் எல்லாரும் அந்த அறையில் இருப்பவர்கள். யாரைக் கிண்டல் செய்கிறார்களோ அவன் மூன்றாவது வரிசையில் காது சிவக்க உட்கார்ந்திருப்பான். பெயரைச் சொல்லவே வேண்டாம். அவன் தொப்பியைச் சொன்னால் போதும். அச்சு இதழின் உள்ளூர்ப் பத்தி இந்தப் பாட்டியின் பேத்தி. துணுக்கு நகைச்சுவை வேறு வம்சம்.

கத்தரியும் பசையும்

ஒவ்வொரு கல்லூரிப் பத்திரிகையும் தன் இதழைப் பிற கல்லூரிகளின் பத்திரிகைகளுக்கு அனுப்பும். அவர்களுடையது இங்கே வரும். காசு கிடையாது, பண்டமாற்று. அமெரிக்காவில் பத்திரிகைகள் ஒன்றுக்கொன்று இதழ் அனுப்பிக்கொள்ளத் தபால் செலவே இல்லை என்று 1792ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த பழக்கம் இது. அந்தச் சலுகை 1873இல் நின்றது. ஆனால் 1879இல் பருவ இதழ்களுக்கென்று தனித் தபால் வகுப்பு உறுதியானது, 1885இல் அதன் கட்டணம் பவுண்டுக்கு ஒரு சென்ட் என்று இறங்கியது. பவுண்டு எடையில் தோராயமாக ஏழெட்டு இதழ் அடங்கும். ஐம்பது கல்லூரிகளுக்கு அனுப்பினாலும் பத்து சென்ட்டைத் தாண்டாது. ஆண்டுச் சந்தா ஒன்றிரண்டு டாலர் இருந்த காலத்தில் இது செலவே இல்லை.

வந்து குவியும் இதழ்களைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆசிரியர் இருப்பார். அவருக்கு இரண்டு வேலை. ஒன்று, பிற இதழ்களுக்கு மதிப்பெண் போடுவது: உங்கள் அட்டை நன்று, கவிதை மோசம், இலக்கியத்துக்குக் கொஞ்சம் குறைவாக இடம் கொடுத்தால் இலக்கியத்துக்கே நல்லது என்கிற தோரணை. பத்தொன்பது வயதுப் பையன் இன்னொரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு எழுதும் இந்த மதிப்புரைகளில் தாத்தாக்களின் குரல் கேட்கும். அதுதான் எனக்குப் பல சமயம் துணுக்குகளைவிடப் பெரிய வேடிக்கை. இரண்டாவது வேலை, கத்தரி. பிடித்த துணுக்கை வெட்டி எடுத்துத் தாளில் ஒட்டி அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவார். துணுக்கின் முடிவில் ‘எக்ஸ்’ என்று இரண்டெழுத்துச் சுருக்கம் நின்றால், பண்டமாற்றில் வந்தது என்று பொருள். எங்கிருந்து என்பது கிடையாது. அந்தச் சுருக்கத்தோடு வந்ததை அடுத்தவர் வெட்டுவார், அதற்கடுத்தவர் வெட்டுவார். ஒரு துணுக்கு பத்துக் கல்லூரி சுற்றி, பேராசிரியர் பெயர் நாலு தடவை மாறி, பிறந்த வீட்டுக்கே விருந்தாளியாகத் திரும்பி வருவதும் உண்டு.

பயணம் போகிறவனுக்கு மூட்டை இலேசாக இருக்க வேண்டும். துணுக்குக்கும் அப்படித்தான். ஓஹையோவில் எழுதியது மெய்னில் புரிய வேண்டுமானால் அதில் ஊர் இருக்கக் கூடாது, பெயர் இருக்கக் கூடாது, அந்த வாரம் நடந்தது எதுவும் இருக்கக் கூடாது. மிஞ்சுவது பொம்மைகள்தான்: மறதிப் பேராசிரியர், பச்சைப் பிள்ளையான முதலாண்டு மாணவன், மீசை முளைக்காத இரண்டாமாண்டுக்காரன், கஞ்ச விடுதிக்காரி. இதே வரிசையில்தான் இன்னும் சிலரும் வருகிறார்கள்: கல்லூரிக்கு வந்துவிட்ட பெண், நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்கென 1865இல் திறந்த வாசர் கல்லூரியின் மாணவி, கொச்சை பேச வைக்கப்பட்ட கறுப்பர், ஐரிஷ் வேலைக்காரி. இவற்றைப் படிக்கும்போது முகம் சுளிக்கிறது. அந்தக் கால வெறுப்பு அதில் இருக்கிறது. அதோடு அச்சுத் தொழிலின் வசதியும் இருக்கிறது. பக்கத்து ஊரில் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் ‘ஆள்’ யார் என்று பார்த்தால், இப்படிச் செய்து வைத்த ஆள்தான். அதனால் மிக மோசமான துணுக்குகளே மிக அதிகம் பயணம் போயின. ஒரு கல்லூரி மாணவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று அறிய இந்தத் துணுக்குகளை எண்ணிக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். எண்ணிக் கிடைப்பது தபாலின் கணக்கு.

ஐந்து வரி காலி

அடுத்தது அச்சகம். கல்லூரி ஊர்களில் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையும் கடை ரசீதும் அடிக்கும் சிறு அச்சகம்தான் மாணவர் இதழையும் அடித்தது. எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி அடுக்க வேண்டும். நல்ல அச்சுக்கோப்பாளர் மணிக்கு 700 முதல் 1000 ‘எம்’ வரை கோப்பார். எழுத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு அகலமுள்ள சதுரம் ஓர் எம். பத்துப் பாயிண்ட் அளவு எழுத்தில் (ஏறத்தாழ 72 பாயிண்ட் ஓர் அங்குலம்), மூன்றரை அங்குல அகலமும் ஒன்பதரை அங்குல உயரமும் உள்ள பத்தி ஒன்றுக்கு வரிக்கு 25 எம், 68 வரி, ஆக 1700 எம். இரண்டு பத்தி சேர்ந்த பக்கம் 3400. ஒரு பக்கத்துக்கு நாலு மணி நேரம் ஆகிவிடும். 12 பக்கத்தில் விளம்பரம் மூன்று பக்கம் என்று வைத்துக்கொண்டால், அது போன இதழிலிருந்து பிரிக்காமலே கட்டி வைத்தது, வேலையில்லை. மீதி ஒன்பதுக்கு 36 மணி நேரம். ஓர் ஆளுக்கு நாலு நாள் வேலை, பிழைதிருத்தம் சேர்க்காமல்.

சிறு அச்சகத்தில் இன்னொரு நெருக்கடி: எழுத்துப் பஞ்சம். 12 பக்கத்தையும் ஒரே நேரத்தில் நிறுத்தி வைக்கப் போதுமான எழுத்து இருக்காது. முதல் நாலு பக்கம் கோத்து, அடித்து, எழுத்தைப் பிரித்து மறுபடி பெட்டியில் போட்டு, அப்புறம் அடுத்த நாலு. பிரிப்பது கோப்பதைவிட மூன்று நாலு மடங்கு வேகம் என்றாலும் அதுவும் நேரம்தானே. இதனால் இலக்கியக் கட்டுரைதான் முதலில் அச்சேறும். அது அடுத்த மாதம் வந்தாலும் கெட்டுப்போகாது. உள்ளூர்ப் பத்தி கடைசியில். ஒரே இதழுக்குள் பத்து நாள் வித்தியாசம் இருக்கலாம். முன் பக்கத்தில் பந்தாட்டம் நடக்கப் போகிறது, பின் பக்கத்தில் தோற்றுவிட்டோம்.

இப்போது பக்கம் கட்டும் கட்டத்துக்கு வருவோம். கட்டுரை பத்தியின் 63ஆம் வரியில் முடிந்துவிட்டது. 68 வரை போக வேண்டும். ஐந்து வரி காலி. வரிகளுக்கு நடுவே மெல்லிய ஈயத் தகடு செருகி இழுக்கலாம். தகடு ஒன்று இரண்டு பாயிண்ட் தடிமன். ஐந்து தகடுக்கு ஒரு வரி. ஐந்து வரிக்கு 25 தகடு. பத்தியின் பாதி நெருக்கமாகவும் பாதி பல் விழுந்த வாய் போலவும் தெரியும். யாரும் விரும்ப மாட்டார்கள். இந்த அவசரத்துக்கென்றே மூன்று வரி, நாலு வரி, ஆறு வரி என்று துணுக்குகளை முன்கூட்டியே கோத்து ஒரு நீளத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். நாலு வரித் துணுக்கை எடுத்து வைத்து, மேலே ஒரு கோடு போட்டால் பக்கம் நிறைந்தது. அந்தத் தட்டுக்கு நம்மூர் அச்சகங்களிலும் ‘கேலி’ என்றே பெயர். ஆங்கிலச் சொல்தான், ஆனாலும் இந்த இடத்தில் காளமேகம் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

ஆகவே அந்தத் துணுக்கு அங்கே வந்ததற்கு முதல் தகுதி அதன் உயரம். இரண்டு துணுக்கில் எது நன்றாக இருக்கிறது என்ற கேள்வி, எது நாலு வரி என்ற கேள்விக்குப் பிறகுதான். தேர்ந்தெடுத்தது பல சமயம் மாணவ ஆசிரியர்கூட இல்லை, பசி வேளையில் பக்கத்தைக் கட்டி முடிக்கப் பார்க்கும் அச்சுக்கோப்பாளர். இதில் வரும் கோளாறுகளும் தனி ரகம். பயன்படுத்திய துணுக்கைப் பிரிக்க மறந்து தட்டிலேயே விட்டால் அடுத்த இதழிலும் அதே துணுக்கு வரும். ஐந்து வரித் துணுக்கை நாலு வரி இடத்தில் நுழைக்கக் கடைசி வரியை உருவிவிட்டால், சிரிப்பு இருந்த இடமே போய்விடும். நமக்குப் புரியாத சில துணுக்குகள் அன்றைக்கும் யாருக்கும் புரிந்திருக்காது. 1886இல் நியூயார்க்கில், வரி வரியாக எழுத்தை வார்த்துத் தரும் லைனோடைப் இயந்திரம் வந்தது. ஆனால் சிற்றூர் அச்சகங்களுக்கு அது வந்துசேர வெகு காலம் ஆனது. நூற்றாண்டு முடியும்வரை மாணவர் இதழ்களில் பெரும்பாலானவை கைக்கோப்புதான்.

குதிரை ஏறியவர்கள்

பயணம் போன துணுக்குகளில் ஒரு வகை மட்டும் இன்றைக்கும் ரசிக்கத்தக்கது. வகுப்பறை லத்தீன். அந்தக் கல்லூரிகள் எங்கே இருந்தாலும் பாடம் ஒன்றுதான்: விர்ஜில், ஹொரேஸ், ஹோமர், யூக்ளிட். ஊர் வேறானாலும் வலி பொது. அதனால் ஊர்ப்பெயர் இல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது. ஒரு குறிப்பு தேவை: இந்தப் பத்திரிகைகளில் குதிரை, மட்டக்குதிரை, பெருநடை என்று வந்தால் பெரும்பாலும் மிருகம் இல்லை. லத்தீன், கிரேக்கப் பாடத்துக்கான ஆங்கில மொழிபெயர்ப்புப் புத்தகம். நமக்குக் கோனார் நோட்ஸ் எப்படியோ அப்படி. நடந்து கடக்க வேண்டிய தூரத்தை ஏறிக் கடக்கிறான் என்பது உவமை. 1840களின் பிற்பகுதியில் லண்டனில் போன் என்ற பதிப்பாளர் செவ்வியல் நூல்களை வரிசையாக மொழிபெயர்த்து மலிவாக விட்ட பிறகு ‘போன்’ என்பதே ஒரு குதிரையின் பெயராகிவிட்டது. 1890களில் நியூயார்க்கின் ஹைண்ட்ஸ் அண்டு நோபிள் நிறுவனம் இத்தகைய மொழிபெயர்ப்புகளுக்கு மாணவர் இதழ்களிலேயே கூசாமல் விளம்பரம் கொடுத்தது. தலையங்கம் நேர்மையைப் போதிக்கும். நாலு பக்கம் தள்ளிக் குதிரை விற்பனைக்கு நிற்கும்.

குதிரை தெரிந்துவிட்டால் பாதித் துணுக்குகள் தாமே திறந்துகொள்ளும். பேராசிரியர் மாணவனைப் பார்த்து ‘இறங்கி நட’ என்றால், சொந்தமாக மொழிபெயர் என்று பொருள். குதிரை தள்ளிவிட்டது என்றால், மனப்பாடம் செய்த பத்தியும் கேட்ட பத்தியும் வேறு வேறாகிவிட்டன. இப்படிச் சொற்களைத் திரட்டி பெஞ்சமின் ஹோமர் ஹால் என்ற ஹார்வர்டு மாணவர் 1851இல் ஓர் அகராதியே போட்டார். ஒப்பித்தலில் அரைகுறையாகத் தடுமாறினால் யேலில் அதற்கு ‘ஃபிஸில்’, முழுசாக விழுந்தால் ‘ஃப்ளங்க்’, பொளந்து கட்டினால் ‘ரஷ்’. வகுப்புக்கோ காலை ஜெபத்துக்கோ போகாமல் இருந்தால் ‘கட்’. நாம் இன்னும் கட் அடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கலப்பு லத்தீனும் ஓடியது. ‘பாயிபஸ் கிஸ்ஸிபஸ் ஸ்வீட் கர்லியோரம், கர்லிபஸ் லைக்கிபஸ், வாண்டி ஸமோரம்’ என்று ஒரு பாட்டு கல்லூரி கல்லூரியாகச் சுற்றியது. ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீன் வேற்றுமை உருபை மாட்டிவிட்ட மணிப்பிரவாளம். உருபுகளை ராத்திரி பகலாக உருப்போட்டவனுக்குத்தான் இதில் விடுதலை தெரியும். உருப்போடாத நமக்கு ஒலி மட்டும் கிடைக்கிறது, அதுவே போதுமான வேடிக்கை.

உள்ளூர்ப் பத்தி

உண்மையான சிரிப்பு உள்ளூர்ப் பத்தியில் இருக்கிறது. இதழின் மிகச் சிறிய எழுத்து அங்கேதான், எட்டுப் பாயிண்ட் அல்லது அதற்கும் கீழே. ஒன்றோ இரண்டோ வரி, ஒவ்வொன்றும் தனித்தனி. மணி சரியாக அடிப்பதில்லை. சேறு. பலகை நடைபாதையில் மூன்றாவது பலகையைக் காணோம். நிலக்கரி விலை. அடுப்புச் சாம்பலை யார் அள்ளுவது. நூலகம் ஏன் பூட்டியே கிடக்கிறது. நூலகக் குறையெல்லாம் சும்மா சிணுங்கல் இல்லை: நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் மெல்வில் டூயி 1883இல் நூலகராக வந்து காலை 8 முதல் இரவு 10 வரை திறந்து வைத்தபோது அது அதிசயமாகப் பேசப்பட்டது என்றால், அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

வெண்ணெய்க்கு அங்கே நிரந்தர இடம். அதற்குப் பரம்பரையும் உண்டு: 1766இல் ஹார்வர்டில் நாறிய வெண்ணெய்க்காக மாணவர்கள் கலகமே செய்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராங்’ என்ற சொல் பலத்தையும் குறிக்கும், வெண்ணெயில் ஏறிய வாடையையும் குறிக்கும். எனவே எழுந்து நடந்து வரும் வெண்ணெய், மேசையைத் தூக்கும் வெண்ணெய் என்று நூறு வருஷம் ஓட்டினார்கள். 1886இல் மார்ஜரின் என்ற போலி வெண்ணெய் மீது பவுண்டுக்கு இரண்டு சென்ட் வரி போட்டு நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்ததும் விடுதிக்காரியின் தட்டில் இருப்பது எது என்ற புதுச் சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

காலை ஜெபம் இன்னொரு ஊற்று. கட்டாயம், விடியலில், குளிரில், வருகைப் பதிவோடு. தூங்கி வழிந்தவன், இரவு உடைக்கு மேலே மேலங்கி மாட்டி ஓடி வந்தவன், மணியையே ஊமையாக்கப் பார்த்தவன் என்று செய்திக்குப் பஞ்சமே இல்லை. பிரின்ஸ்டனில் நாசோ ஹால் மணியின் நாக்கைத் திருடுவது முதலாண்டு மாணவர்களின் கௌரவப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. மணி அடிக்காவிட்டால் ஜெபம் இல்லை என்பது நப்பாசை. ஆனால் இந்தக் கிண்டல் எல்லா ஊரிலும் சிரித்து முடியவில்லை. 1866இல் ஹார்வர்டில் ‘காலேஜியன்’ என்ற இதழ் கட்டாய ஜெபத்தைத் தாக்கி எழுதியதும் மூன்று இதழோடு நிர்வாகம் அதை மூடிவிட்டது. சில வாரத்தில் ‘அட்வகேட்’ என்று வேறு பெயரில் வந்தார்கள். ஆபத்து இனிது என்று பொருள்படும் லத்தீன் வரி அந்த இதழின் குறிக்கோளாக இன்றும் நிற்கிறது. ஹார்வர்டில் கட்டாயம் நீங்கியது 1886இல். யேலில் 1926 வரை நீடித்தது.

இவையெல்லாம் நமக்குப் புரிகிற உள்ளூர். புரியாத உள்ளூரும் இருக்கிறது, அதுதான் அதிகம். அச்சு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி, நான் கட்டியது: ‘வடக்கு விடுதியில் கோழிச் சாறு மலிவாம். விவரத்துக்கு கே— அவர்களைக் கேட்கவும்.’ அவ்வளவுதான். அன்றைக்கு இதைப் படித்த இருநூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நமக்கு முன்னால் ஒரு கோழியும் ஒரு கோடும் இருக்கின்றன.

இந்தப் பூட்டைத் திறக்க ஒரு வழிமுறை உண்டு. முதலில் அந்த ஆண்டின் கல்லூரிப் பட்டியல்: மாணவர் பெயரும் விடுதி அறையும் அச்சாகியிருக்கும். சிறிய கல்லூரியில் வடக்கு விடுதியில் அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் மூன்று நாலுக்கு மேல் இருக்காது. அடுத்து, அதற்குப் பின் வந்த இரண்டு இதழ்கள். கிண்டல் பட்டவன் விட மாட்டான். பதிலோ இரண்டாம் கிண்டலோ வந்தே தீரும். அப்புறம் அதே வாரத்து ஊர்ப் பத்திரிகை. மாணவர்களுக்கு அது கோழிச் சாறு, ஊர்க்காரருக்குக் கோழித் திருட்டு. கடைசியாக ஆசிரியர் குழுவின் கையெழுத்துக் குறிப்பேடு: யாருக்கு எச்சரிக்கை, யாருக்கு இடைநீக்கம் என்று தேதியோடு இருக்கும். நாலும் பொருந்தினால் சிரிப்பு நூற்று நாற்பது வருஷம் கழித்து வந்துசேரும். கொஞ்சம் களைத்துப்போய்த்தான்.

தவறும் இடங்களும் தெரிந்திருக்க வேண்டும். முதலெழுத்து பெயருக்குரியதாக இல்லாமல் பட்டப்பெயருக்குரியதாக இருக்கலாம். இதழில் போட்ட தேதியை நம்பி ஊர்ப் பத்திரிகையைத் தேடினால் ஒரு வாரம் பிசகும், காரணம் மேலே சொன்ன அச்சு வரிசை. நூலகங்கள் ஆண்டுத் தொகுப்பாகக் கட்டடம் செய்தபோது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிட்ட தொகுதிகள் ஏராளம். உள்ளூர்ப் பத்தியில் கிண்டலுக்கு ஆளான தொப்பிக்கடை யாருடையது என்பது அந்த விளம்பரத்தில்தான் இருந்திருக்கும். இப்போது பல கல்லூரிகள் பழைய இதழ்களை எண்ணிம வடிவில் ஏற்றியிருக்கின்றன, ஆனால் கணினி எழுத்துணரி இந்தப் பத்தியில்தான் அதிகம் தடுக்கி விழுகிறது. எழுத்து சிறியது, மை பரவியது, இரண்டு பத்தியையும் குறுக்கே சேர்த்து வாசித்துவிடும். முழு வாக்கியத்தைத் தேடினால் கிடைக்காது. கோழி, சாறு போன்ற ஒற்றைச் சொல்லைத் தேதி வரம்போடு தேடி, பக்கப் படத்தைக் கண்ணால் பார்ப்பதே வழி. பண்டமாற்றுத் துணுக்கைத் துரத்தும்போதும் இப்படித்தான்: சிரிப்பு வரியில் இருக்கும் அபூர்வச் சொல்லைப் பிடியுங்கள், பேராசிரியர் பெயரைப் பிடிக்காதீர்கள். அது ஊருக்கு ஊர் மாறியிருக்கும்.

மந்தமான காலம்

இந்த இரண்டு வம்சமும் ஒரே வீட்டில் குடியிருந்தது எதுவரை என்று கேட்டால், நான் 1878 ஜனவரி 28ஐச் சொல்வேன். அன்றைக்கு யேலில் ‘யேல் டெய்லி நியூஸ்’ முதல் இதழ் வந்தது. அங்கே ஏற்கெனவே 1836இல் தொடங்கிய இலக்கிய இதழ் இருந்தது, 1872 முதல் ‘ரெக்கார்டு’ இருந்தது. அதற்கு மேல் தினசரி எதற்கு? முதல் வாக்கியத்திலேயே காரணம் சொன்னார்கள்: இன்று காலை இதழோடு நாங்கள் தொடங்கும் இந்தப் புதுமைக்குக் காலத்தின் மந்தமும் நம்மிடையே செய்திக்கு இருக்கும் தேவையுமே நியாயம்.

அந்த நூற்றாண்டின் மாணவர் நகைச்சுவையில் எனக்கு மிகப் பிடித்த வாக்கியம் இது. ஒன்றும் நடக்கவில்லை, அதனால் தினமும் செய்தி வெளியிடப் போகிறோம் என்கிறார்கள். முகத்தில் சிரிப்பே இல்லை. எழுதியவர்கள் வேண்டுமென்றுதான் எழுதினார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி வாக்கியம் நேராக நிற்கிறது. கேலித் தட்டில் கிடந்த எந்தத் துணுக்கையும்போல இதை வெட்டி ஒட்ட முடியாது. அன்றைய யேலின் ஜனவரி மாதக் குளிரும் சலிப்பும் இதோடு வேண்டும்.

தினசரி வந்ததும் வேலை பிரிந்தது. கார்னெலில் 1880இல் ‘சன்’, 1883இல் ஹார்வர்டின் ‘கிரிம்சன்’ தினசரியானது, 1892இல் விஸ்கான்சினில் ‘கார்டினல்’. தினசரிக்குத் தேவை அறிவிப்பு: எத்தனை மணிக்குப் பயிற்சி, எந்த அறையில் தேர்வு, குடை காணாமல் போனது. உள்ளூர்ப் பத்தியின் ஒரு வரிச் செய்தி அப்படியே இருந்தது, கண்சிமிட்டல் மட்டும் போயிற்று. கல்லூரிகளும் பெருத்தன, கே— யார் என்று எல்லாருக்கும் தெரிந்த காலம் முடிந்துகொண்டிருந்தது. துணுக்குகள் தனி வீடு பார்த்துக்கொண்டன. 1876இல் ஹார்வர்டின் ‘லாம்பூன்’, 1882இல் பிரின்ஸ்டனின் ‘டைகர்’, 1894இல் கார்னெலின் ‘விடோ’. லாம்பூனில் பழகிய கைகள் 1883இல் நியூயார்க்கில் ‘லைஃப்’ என்ற நகைச்சுவை வார இதழைத் தொடங்கின. வெற்றிடம் நிரப்பப் பிறந்தது சம்பளம் வாங்கும் தொழிலாயிற்று, படம் வந்தது, அவன் சொன்னான் அவள் சொன்னாள் என்ற உரையாடல் வந்தது. தரமும் உயர்ந்தது, மறுக்க முடியாது. ஆனால் அந்தத் துணுக்குகளைப் படித்து ஒரு கல்லூரியின் மேசையில் அந்த வாரம் என்ன வெண்ணெய் இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பழைய இதழ் ஒன்று கைக்கு வந்தால் பின்னாலிருந்து தொடங்குங்கள். விளம்பரம், பிறகு உள்ளூர், பிறகு பிற பத்திரிகைகளுக்குப் போட்ட மதிப்பெண். பத்தியின் அடியில் கோட்டுக்குக் கீழே நிற்கும் துணுக்கைப் படிக்கும் முன் அது எத்தனை வரி என்று எண்ணிக்கொள்ளுங்கள். மில்டனைத் தொடவே வேண்டாம். ஜூன் மாத இதழாக இருந்தால் மட்டும் தலையங்கத்துக்கு அடியில் ஒரு சிறு அறிவிப்பைத் தேடுங்கள், தவறாமல் இருக்கும்: சந்தா பாக்கி வைத்திருக்கும் அன்பர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் தயவுசெய்து செலுத்தவும், அச்சகத்தார் வாசலில் நிற்கிறார். பெரும்பாலும் யாரும் செலுத்தவில்லை என்பது செப்டம்பர் இதழில், அதே இடத்தில், புது ஆசிரியர்களின் கையொப்பத்தோடு தெரியும்.